கவிழ்த்து வைத்த செருப்பு

நூரா வீட்டுப் பக்கவாசலில் அன்றைக்குப் பதினோரு ஜோடி செருப்புகள் கிடந்தன. வேண்டுமென்று எண்ணவில்லை. செருப்பைக் கண்டால் என் கண் தானாக எண்ணிக்கொள்ளும். பத்து ஜோடி பெண்கள் போடுவது. ஒரு ஜோடி மட்டும் ஆம்பிளைச் செருப்பு.

சவுதியில் போய் இறங்கி எங்களுக்கு நாலு மாதம் ஆகியிருந்தது. தலைநகரத்திலிருந்து காரில் மூன்று மணி நேரம் உள்ளே தள்ளியிருந்த ஊர். அங்கே தோல் பதனிடும் கம்பெனி ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரர் குமரேசனுக்கு அதில்தான் வேலை. கம்பெனி முதலாளியின் மனைவி நூரா. வியாழக்கிழமை சாயங்காலம் தெரிந்த பெண்கள் எல்லாம் அவள் வீட்டில் கூடுவார்கள். நானும் மகள் யாழினியும் ஷமீம் அக்காவோடு போவோம். அக்கா வாணியம்பாடிக்காரர். கம்பெனி கணக்காளரின் மனைவி.

அன்றைக்கு அக்கா யாழினியை அழைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். நான் என் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். குனிந்த இடத்தில் அந்த ஆம்பிளைச் செருப்பு கிடந்தது. அந்த ஊர் ஆண்கள் நீளமான வெள்ளை அங்கிக்குக் கீழே போடுகிற அகலமான தோல் செருப்பு. கட்டைவிரலுக்கு ஒரு வளையம், மேலே குறுக்குப் பட்டை, ஓரம் முழுக்கக் கைத்தையல். தோல் அவ்வளவு நன்றாக இருந்தது. நாலு மாதமாக என் கை நல்ல தோலைத் தொடவில்லை. எடுத்துவிட்டேன்.

இடது கையில் ஏந்திக்கொண்டு வலது கைக் கட்டைவிரலை ஓரத்தில் ஓட்டினேன். முன்பக்கம், விரல் வளையத்துக்குக் கீழே, கட்டைவிரல் உள்ளே இறங்கியது. நாலு தையல் அறுந்து சோல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

‘ரிஜெக்ட்’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். சொன்ன கையோடு, பதினோரு வருஷமாக எதைச் செய்தேனோ அதையே செய்தேன். சோல் வானத்தைப் பார்க்கும்படி செருப்பைக் கவிழ்த்து வைத்தேன்.

“அஸ்தக்ஃபிருல்லா!”

நூராவின் நாத்தனார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு கை நெஞ்சில். அப்புறம் அவள் பேசிய அரபியில் எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, புரிய வேண்டிய அவசியமும் இல்லை. உள்ளேயிருந்து நாலைந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நூரா வந்தாள். குனிந்து செருப்பை எடுத்தாள். ஒரு நிமிஷம் அதைத் திருப்பிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சோல் தரையில் படும்படி நேராக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஷமீம் அக்கா ஓடி வந்தார்.

“யா அல்லா! இன்னா வேல பண்ணி வெச்ச செல்வி? செருப்போட அடிப்பக்கத்த மேல காட்டிட்டியே. இவுங்களுக்கு அதெல்லாம் ஆவவே ஆவாது. அதுவும் யாரு செருப்பு தெரியுமா? அந்தம்மாவோட தம்பிது. ஒரே தம்பி. லீவுக்கு வந்து உள்ள தூங்கினு இருக்கான்.”

அன்றைக்குக் காவா என்கிற அந்த ஊர்க் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு யாழினியோடு கிளம்பிவிட்டேன்.

பீஸ்

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை. நம் பக்கத்திலும்தான் செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்பார்கள். என் அம்மா எவ்வளவு அவசரத்தில் போனாலும் காலாலேயே ஒரு தட்டு தட்டி நிமிர்த்திவிட்டுத்தான் போவாள். வீட்டில் நானும் அப்படித்தான்.

ஆனால் கம்பெனி வேறு. எங்கள் ஊர் மாதனூருக்குப் பக்கத்தில். கம்பெனி பஸ் காலை ஏழேகாலுக்கு ரோட்டில் வந்து நிற்கும். விட்டால் அன்றைய நாள் போச்சு. பத்தொன்பது வயதில் ஏறினேன். முதலில் ஷூவின் மேல்பாகத்துக்கு ரெண்டு ஊசி வைத்துக் கைத்தையல் போடுகிற வேலை. பிறகு ஃபைனல் செக்கிங். பெட்டியில் போகும் முன்னால் கடைசியாகப் பார்க்கிற கண் என்னுடையது.

ஒரு கையை ஷூவுக்குள் விட்டுக்கொண்டு இன்னொரு கையின் கட்டைவிரலால் ஓரத்தைச் சுற்றி வர வேண்டும். பசை விட்டிருந்தால் விரலுக்குத் தெரியும். குறை இருக்கிற இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, ஷூவைக் கவிழ்த்து ரேக்கில் வைப்போம். அது எங்கள் லைன் வழக்கம். நேராக வைத்தால் பேக்கிங்கில் இருக்கிற பெண்கள் அவசரத்தில் எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். கவிழ்ந்திருந்தால் யாரும் தொட மாட்டார்கள்.

சேர்ந்த புதிதில் எனக்குக் கவிழ்க்கக் கை வரவில்லை. பக்கத்து டேபிளில் ஆம்பூர் பெண் ஒருத்தி, ஐந்து வேளையும் தொழுகிறவள், சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“வீட்லதான்டி அது செருப்பு. இங்க அது வெறும் பீஸு. பீஸுக்கு ஏது சகுனம்?”

அன்றிலிருந்து கை பழகிவிட்டது. பழகினது கை மட்டும் இல்லை. எனக்கு எதைப் பார்த்தாலும் முதலில் குறைதான் கண்ணில் படும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, வாசலில் அவர் கழற்றிப் போட்ட ஷூவைத்தான் பார்த்தேன். இடது குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. சாய்ந்து நடக்கிற ஆள் என்று தெரிந்துகொண்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் இதைச் சொன்னபோது குமரேசன் ஒரு வாரம் நிமிர்ந்து நடந்தார்.

ஒரு முறை மட்டும் தப்பு செய்தேன். உள்ளே ஆணி முனை லேசாக நெருடிய ஒரு ஜோடியை, பஸ் ஹாரன் அடித்த அவசரத்தில் பாஸ் பண்ணிவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. யார் காலையோ அது குத்தப் போகிறது என்பதே மனசில் ஓடியது. மறுநாள் முதல் ஆளாகப் போய், ஒட்டி வைத்த அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அந்த ஜோடியைத் தேடி எடுத்தேன். சூப்பர்வைசர் கன்னாபின்னாவென்று திட்டினார். வாங்கிக்கொண்டேன்.

இந்தக் கதையை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

உடன் இருப்பவள்

குமரேசன் ஆம்பூரில், தோல் ஷாப்பு என்று நாங்கள் சொல்லும் தோல் பதனிடும் கம்பெனியில் பதம் போட்டுப் பாலிஷ் ஏற்றும் பிரிவில் இருந்தவர். சவுதிக்கு முதலில் தனியாகத்தான் போனார். ஒரு வருஷம் கழிந்தது. யாழினிக்கு அப்பா என்றால் செல்போன் என்று ஆகிவிட்டது. “அப்பாவ சார்ஜ்ல போடும்மா” என்று ஒரு நாள் சொன்னாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்குப் பொறுப்பாளர் பதவி கிடைத்துக் குடும்ப விசாவுக்கு வழி பிறந்ததும், பதினோரு வருஷ வேலையை ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

போய் இறங்கிய இரண்டாவது வாரம் எனக்கு அடையாள அட்டை வந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஷமீம் அக்காவைப் படிக்கச் சொன்னேன்.

“உடன் இருப்பவர்னு போட்டுருக்கு. கீழ, வேல செய்ய அனுமதி இல்லன்னு.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். வேற இன்னா வோணும் உனக்கு? குந்தி சாப்புடு.”

உட்கார்ந்து சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அவர் ஆறு மணிக்குப் போவார். யாழினி பள்ளிக்கூட வேனில் போவாள். எட்டு மணிக்கெல்லாம் வீட்டில் செய்ய ஒன்றும் இருக்காது. இப்போது சட்டமெல்லாம் தளர்ந்துவிட்டது, பெரிய ஊர்களில் வெளிநாட்டுப் பெண்கள் தலையை மூடாமல்கூடப் போகிறார்கள் என்று சொன்னார்கள். எங்கள் ஊரில் அந்தக் காற்று அடிக்கவில்லை. கறுப்பு அங்கி இல்லாமல் ஒரு பெண்ணையும் தெருவில் பார்க்க முடியாது. பெரும்பாலும் முகமும் மூடியிருக்கும். எனக்கு வாங்கி வந்த அங்கியில் நான் முதலில் கண்டது ஓரத் தையல் கோணல். பிரித்து, திருப்பித் தைத்து, பிறகுதான் போட்டேன்.

ஒரு நாள் பெரிய கடையில் யாழினி என் கையை விட்டுவிட்டாள். திரும்பிப் பார்த்தால் சுற்றிலும் கறுப்பு அங்கிகள். குழந்தை அழுவாள் என்று நான் பதறிக்கொண்டு போகிறேன், அவள் குனிந்து ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே வந்து என் அங்கியைப் பிடித்தாள்.

“உன் செருப்பு வார்ல ஊதா நூலு இருக்குல்லம்மா. அதான் கண்டுபுடிச்சேன்.”

செக்கர் பெற்ற பிள்ளை. கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அழுதேன். ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. பெற்ற மகள் அம்மாவைச் செருப்பு வைத்து அடையாளம் காண வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டோமே என்ற துக்கம்தான்.

அந்தப் பாலையில் எனக்குக் கதவைத் திறந்த ஒரே வீடு நூரா வீடு. அவள் மகளும் யாழினியும் ஒரே வயது. கம்பெனி விருந்து ஒன்றில் இரண்டும் ஒட்டிக்கொண்டன. பிள்ளைகளுக்காக அழைத்தவள், நாள் போகப் போக என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். என் வயதுதான் அவளுக்கும். மத விஷயத்தில் கறாரானவள். அவள் வீட்டுச் சுவரில் ஒரு படம் கிடையாது, பாட்டுச் சத்தம் கேட்டதில்லை. தொழுகைக்குப் பாங்கு சொன்னால் பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுவாள். என்னை ஒரு நாளும் “நீ ஏன் இப்படி” என்று கேட்டதில்லை. ஷமீம் அக்கா நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கம் தமிழும் அந்தப் பக்கம் அரபியுமாக மாற்றி மாற்றிச் சொல்லுவார். நான் கம்பெனியில் குறை பார்த்த கதையெல்லாம் அப்படித்தான் நூராவுக்குத் தெரிந்தது. வாரம் முழுக்க அந்த ஒரு சாயங்காலத்துக்காகவே காத்திருப்பேன்.

அந்த வாசலில்தான் செருப்பைக் கவிழ்த்து வைத்தேன்.

திங்கட்கிழமை

வியாழன் போய்த் திங்கட்கிழமை. மத்தியானம் குமரேசன் நேரமில்லாத நேரத்தில் வீட்டுக்கு வந்தார். உடம்பில் தோல் ஷாப்பு வாடை அப்படியே இருந்தது. குளிக்காமல் அவர் வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை.

“முதலாளியோட மச்சான் போய்ட்டான் செல்வி. நூராம்மா தம்பி.”

“இன்னாங்க சொல்றீங்க?”

“ஐவே ரோட்ல கார்ல போய்னு இருந்தானாம். ஒட்டகம் குறுக்க வந்துடுச்சி. ஸ்பாட்லயே. பிரேக்கே அடிக்கலயாம். ரோட்ல டயர் இழுத்த கோடுகூட இல்லன்றாங்க. கால் எதுலனா மாட்டிக்கிச்சோ இன்னாமோ.”

கால் எதிலாவது மாட்டிக்கொண்டதோ என்னவோ. நான் அடுப்பை அணைத்தேன்.

அந்த வீட்டுப் பெண்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த இந்தியாக்காரி செருப்பைக் கவிழ்த்தாள், நாலே நாளில் உயிர் போனது. அது ஒரு பயம். ஆனால் என்னைத் தின்றது அது இல்லை. என் கட்டைவிரல் இறங்கிய அந்த இடைவெளி. விரல் வளையத்துக்குக் கீழே, வாயைப் பிளந்த சோல். அப்படிப்பட்ட செருப்போடு வண்டி ஓட்டினால் முன்பக்கம் மடங்கிப் பிரேக்குக்கு அடியில் போய் மாட்டாதா? குறையைக் கண்டவள் நான். சகுனச் சண்டையில் வெட்கப்பட்டுக்கொண்டு, “அது அறுந்திருக்கு, போட வேண்டாம்” என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேன். கம்பெனியில் ஓர் ஆணி முனைக்காகப் பெட்டி பெட்டியாகப் பிரித்தவள், இங்கே வாயை மூடிக்கொண்டு காபி குடித்துவிட்டு வந்தேன்.

குமரேசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“தையல் பிரிஞ்சிருந்தத யாராண்டயும் சொல்லாத. ஷமீம் அக்காவாண்டகூட சொல்லாத.”

“துக்கத்துக்குப் போவ வேணாமா?”

“நீ போவாத. நான் ஆம்பளைங்க பக்கம் போய்ட்டு வர்றேன். உன்னப் பாத்தாலே அவுங்களுக்கு அந்தச் செருப்புதான் ஞாபகம் வரும். முதலாளி ஒரு வார்த்த சொன்னா நாம மூணு பேரும் மூட்டையக் கட்ட வேண்டியதுதான். புள்ள இப்பதான் ஸ்கூல்ல சேந்துருக்கு.”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எங்கள் விசா, வீடு, யாழினியின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்த முதலாளியின் கையெழுத்தில் நின்றன. செவ்வாய்க்கிழமை ஷமீம் அக்கா கூப்பிட்டார், வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார் என்று சொல்லிப் போகவில்லை. புதன்கிழமையும் போகவில்லை. துக்கம் கேட்பதெல்லாம் அங்கே மூன்று நாள்தான். வியாழக்கிழமை கடைசி நாள்.

அன்றைக்கு மத்தியானம் ஷமீம் அக்காவுக்குப் போன் பண்ணினேன்.

“நானும் வர்றேங்க்கா.”

“உன் வூட்டுக்காரரு வேணாம்னாரே?”

“அவருகிட்ட சாயங்காலம் சொல்லிக்கிறேன். நூராகிட்ட நான் ஒண்ணு சொல்லணும். நீங்க அப்படியே மாத்தாம சொல்லணும்.”

“வாயக் குடுத்து வம்புல மாட்டிக்காத செல்வி” என்றார் அக்கா. ஆனாலும் வண்டியோடு வந்தார்.

சத்தமில்லாத வீடு

நம் ஊர்ச் சாவு வீட்டில் மேளம் தெருமுனையிலேயே காதைப் பிளக்கும். கட்டிக்கொண்டு அழுவோம், மார்பில் அடித்துக்கொள்வோம். அங்கே ஒரு சத்தமும் இல்லை. மாலை இல்லை, போட்டோ இல்லை. கூடத்தில் சுவர் ஓரமாகப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பேரீச்சம்பழத் தட்டை நகர்த்த, ஒருவர் காவா ஊற்றிக்கொண்டிருந்தார். ஓங்கி அழுவது தப்பு, விதித்தவனை எதிர்த்துக் கேட்பது போல ஆகும் என்று அக்கா காதில் சொன்னார்.

பக்கவாசலில் அன்றைக்கு எத்தனையோ செருப்புகள். அவசரத்தில் கழற்றியதில் இரண்டு மூன்று கவிழ்ந்து கிடந்தன. நான் குனிந்து அவற்றை நிமிர்த்தி வைத்தேன். உள்ளே நுழைந்ததும் நாத்தனார் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். அவளும் பார்த்தாள். அந்தக் கூடத்தைக் கடந்து நூரா இருந்த இடத்துக்குப் போவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

அக்கா சொல்லிக் கொடுத்த ஆறுதல் வாக்கியத்தை அரபியில் சொன்னேன். பாதியில் மறந்துவிட்டது. நூரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் வீங்கியிருந்தது, அழவில்லை.

நாத்தனார் அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ சொன்னாள். மொழிபெயர்க்க மாட்டேன் என்பது போல ஷமீம் அக்கா தலையைக் குனிந்துகொண்டார். நூரா திரும்பினாள். குரலை உயர்த்தாமல் அவள் பேசியதை அக்கா பிறகு என்னிடம் தமிழில் சொன்னார்.

“செருப்பு கவுந்தா சாவு வரும்னு நம்புறதுதான் பெரிய பாவம்னு சொல்லிட்டா. உயிர எடுக்குறது அல்லாஹ். அந்த அதிகாரத்த ஒரு செருப்புக்குக் குடுப்பியான்னு கேட்டா.”

நான் அந்த ஊரில் எதைப் பார்த்துப் பயந்திருந்தேனோ, அந்தக் கறார்தான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. எங்கள் பக்கமாக இருந்தால் இந்தச் சகுனப் பேச்சு மூன்று தலைமுறைக்கு ஓடியிருக்கும். என் பேரே செருப்பைக் கவிழ்த்தவள் என்று ஆகியிருக்கும்.

ஆனால் நான் வந்தது அதற்காக இல்லை. “தனியா பேசணும்னு சொல்லுங்கக்கா” என்றேன். நூரா எங்களைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனாள். நான் சொல்லச் சொல்ல அக்கா அரபியில் சொன்னார். சோல் பிரிந்திருந்ததைச் சொன்னேன். நாலு தையல் என்றேன். என் தொழில் குறை பார்ப்பது, குறையைப் பார்த்தும் உன்னிடம் சொல்லாமல் போனேன், அது அவன் காலில் சிக்கியிருந்தால் அந்தப் பாவம் என்னுடையது என்றேன். அந்த இடத்தில் அக்காவின் குரல் நின்றுவிட்டது.

“சொல்லுங்கக்கா.”

“வேணாம் செல்வி. பேஜாராய்டும்.”

“சொல்லுங்க.”

சொன்னார். நூரா எழுந்து அலமாரியைத் திறந்தாள். துணிப்பை ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள். உள்ளே அந்தச் செருப்பு.

எனக்கு எதுவும் புரியவில்லை. நூரா பேசினாள், அக்கா அழுதுகொண்டே தமிழில் சொன்னார்.

“அன்னைக்கி நீ கட்டவெரல வெச்ச எடத்த நானும் பாத்தேன்றா. நீ போனதும் தம்பிய எழுப்பிக் காட்டுனாளாம். இந்தியாவுலருந்து வந்தவ உன் செருப்ப வேணாம்னு கவுத்துட்டா பாருன்னு. அவன் சிரிச்சானாம். இங்கயே இருக்கட்டும், அடுத்த லீவுக்கு வந்து தெச்சிக்கிறேன்னு சொல்லிட்டு ஷூ போட்டுனு போனானாம். இந்தச் செருப்பு அவன் கால்ல இல்லவே இல்ல செல்வி.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சத்தம் போட்டு அழக் கூடாத வீடு.

ரெண்டு ஊசி

இறந்தவரின் துணிமணியை, பொருளை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். தம்பியின் சட்டை, அங்கி எல்லாம் மூட்டை கட்டியாயிற்று என்றாள் நூரா. கிழிந்த செருப்பைத் தர்மம் பண்ண மனசு வரவில்லை. கடையில் கொடுத்துத் தைக்கவும் மனசு வரவில்லை. குறையைக் கண்டுபிடித்தவள் நீ, உனக்குத் தைக்கத் தெரியுமா என்று கேட்டாள்.

தெரியும் என்று அரபியிலேயே சொன்னேன். எனக்குத் தெரிந்த இருபது முப்பது சொற்களில் அதுவும் ஒன்று.

சாயங்காலம் குமரேசனிடம் நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பையைத் திறந்து செருப்பைப் பார்த்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை, கம்பெனி லீவு. ஆனாலும் போய் மெழுகு நூலும் இரண்டு தடி ஊசியும் ஒரு குத்தூசியும் கொண்டுவந்து அடுப்பு மேடைமேல் வைத்தார். “நூலு கறுப்பு கெடைக்கல. பழுப்புதான்” என்றார்.

“பழுப்புதாங்க அதுல இருக்குது.”

சனிக்கிழமை காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். பழைய நூலின் துணுக்குகளைப் பிடுங்கினேன். பழைய ஓட்டைகளிலேயே ஊசி போகும்படி பார்த்துக்கொண்டேன், புது ஓட்டை போட்டால் தோல் பலம் போய்விடும். மேலே ஒரு ஊசி, கீழே ஒரு ஊசி, ஒரே ஓட்டையில் எதிரெதிராக நுழைத்து இழுத்தேன். நாலு தையல்தான் அறுந்தது. இரண்டு பக்கமும் தளர்ந்திருந்த பழைய தையலையும் பிரித்து நான் பதினாறு போட்டேன். வேலை செய்ய அனுமதி இல்லாதவள் அந்த நாட்டில் செய்த முதல் வேலை அதுதான். யாழினி எதிரில் உட்கார்ந்து பார்த்தாள். “அம்மா, நீ கம்பெனில இப்டிதான் இருப்பியா?” என்று கேட்டாள். அவள் என்னை வேலை செய்து பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வியாழக்கிழமை கொண்டுபோனேன். நானும் நூராவும் பக்கவாசலிலேயே தரையில் உட்கார்ந்தோம். ஷமீம் அக்கா வந்திருந்தார், அவருக்கு வேலை வைக்கவில்லை. நான் செருப்பை இடது கையில் ஏந்திக் கட்டைவிரலை ஓரம் சுற்றி ஓட்டிக் காட்டினேன். எங்கேயும் இறங்கவில்லை. அவளிடம் நீட்டினேன். அவளும் என்னைப் போலவே ஏந்திக்கொண்டு கட்டைவிரலை ஓட்டினாள். சுற்றி முடித்துவிட்டுச் செருப்பின் மேல்பக்கத்தில், கால் படுகிற இடத்தில், உள்ளங்கையை வைத்தாள்.

அங்கே ஐந்து விரலின் பள்ளமும் இருந்தது. கட்டைவிரல் ஆழமாக, மற்ற நாலும் வரிசையாக. குதிகால் இடத்தில் தோல் கறுத்துப் பளபளவென்று இருந்தது.

பதினோரு வருஷத்தில் எத்தனையோ ஜோடியில் கை விட்டிருக்கிறேன். எல்லாம் புதுசு. ஒன்றிலும் ஒரு மனுஷனின் கால் தடம் இருந்ததில்லை. தைக்கும்போதுகூட நான் ஓரத்தைத்தான் பார்த்தேன், நடுவைப் பார்க்கவில்லை.

நூரா அந்தப் பள்ளங்களில் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்தாள். வைத்துக்கொண்டே அழுதாள். துக்கத்தின் மூன்று நாளும் சேர்த்து வைத்த அழுகை. சத்தம் வந்தது. உள்ளே இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும், யாரும் வெளியே வரவில்லை. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் எப்படிக் கட்டிக்கொள்வோமோ அப்படி.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். செருப்பு இரண்டையும் சேர்த்து, சோல் கீழே இருக்க, மூக்கு வெளியே பார்க்க, வாசலில் வைத்தாள்.

மறுநாள் அது தர்மத்துக்குப் போனது. யார் காலுக்குப் போயிற்று என்று எனக்குத் தெரியாது, நூராவுக்கும் தெரியாது. அந்தத் தையல் விடாது. அது மட்டும் எனக்குத் தெரியும்.